எயார்லைனா, சார்ட்டரா? கொழும்பு விமானிகளுக்கான முழுமையான வழிகாட்டி

இரத்மலானையில் சார்ட்டர் (வாடகைப் பறப்பு) நிறுவனத்தில் கரவான் என்ற சிறிய ஒற்றை இயந்திர விமானம் ஓட்டுபவருக்கு, வெளிநாட்டு எயார்லைன் ஒன்றிலிருந்து ஏடிஆர் என்ற டர்போப்ரொப் (உந்துசுழலி) விமானத்தில் இடம் வருகிறது. கட்டுநாயக்கவில் ஏ320 துணை விமானியாக இருப்பவரிடம், தனியார் ஜெட் ஒன்றுக்கு ஆள் தேடுகிறார்கள் என்று நண்பர் சொல்கிறார். இரண்டு பேரும் முதலில் கேட்பது என்ன விமானம், எவ்வளவு சம்பளம் என்பதுதான். அந்த இரண்டு கேள்விகளையும் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதலில் பார்க்க வேண்டியது, அந்த வேலையில் உங்கள் லொக்புக்கில் (பறப்பு நேரப் பதிவேட்டில்) எந்த வகை மணித்தியாலம் ஏறும் என்பது. அடுத்தது, "இன்றைக்குப் பறக்க முடியாது" என்று நீங்கள் சொல்லும் நாளில் உங்கள் பக்கம் யார் நிற்பார்கள் என்பது. மற்றவை எல்லாம் பேரம் பேசிச் சரிப்படுத்தக்கூடியவை.

முதற்படி: எதை எதனோடு ஒப்பிடுகிறீர்கள் என்று எழுதுங்கள்

அமெரிக்காவில் இருப்பதுபோல, நாட்டுக்குள்ளேயே ஐம்பது எழுபது ஆசன விமானங்களை நாள் முழுக்க ஓட்டும் பிராந்திய எயார்லைன் இலங்கையில் இல்லை. கொழும்பிலிருந்து எட்டக்கூடிய பிராந்தியப் பறப்பில் ஒன்று, கட்டுநாயக்கவிலிருந்து ஏ320 குடும்ப விமானங்களில் சென்னை, திருச்சி, மாலே போன்ற குறுந்தூர ஓட்டம். இன்னொன்று மாலைதீவு, நேபாளம், இந்தியா போன்ற இடங்களில் ஏடிஆர் 72, டாஷ் 8 வகை டர்போப்ரொப் வேலை. மாலைதீவின் ட்வின் ஒட்டர் கடல் விமானங்களையும் பலர் இதே பட்டியலில் சேர்க்கிறார்கள். ஆனால் அந்த வேலையின் இயல்பு சார்ட்டருக்கே நெருக்கமானது. அதை இரண்டாம் படியில் பார்ப்போம்.

சென்னை–பலாலி தடத்தில் 2024 செப்டெம்பர் 1 முதல் இண்டிகோவின் ஏடிஆர் 72 வருகிறது. பலாலியில் விமானம் இறங்குவதால் யாழ்ப்பாணத்து விமானிக்கு அங்கே வேலை பிறந்துவிடாது. இந்தியாவில் பதிவான விமானத்தை ஓட்ட இந்திய அனுமதிப்பத்திரமோ, வெளிநாட்டு விமானிகளுக்கு அந்நாடு தரும் தற்காலிக அங்கீகாரமோ வேண்டும்.

சார்ட்டர் பக்கத்தையும் பிரித்துப் பார்க்க வேண்டும். விமான இயக்குநர் சான்றிதழ் பெற்ற நிறுவனம் காசு வாங்கிக்கொண்டு பயணிகளை ஏற்றுவது ஒன்று. செல்வந்தர் ஒருவர் தன் சொந்த விமானத்தில் தானே பறக்க உங்களைச் சம்பளத்துக்கு வைப்பது வேறொன்று. இரண்டிலும் ஒரே ஜெட் இருக்கலாம், ஆனால் ஓய்வு நேர விதி, பயிற்சி விதி, ஓடுபாதை நீளக் கணக்கு என்று எல்லாமே மாறும். அமெரிக்க விதிகளில் முதலாவது 135ஆம் பகுதிக்குள்ளும் இரண்டாவது 91ஆம் பகுதிக்குள்ளும் வருகின்றன. உங்களுக்கு வந்திருக்கும் அழைப்பு எந்த விதியின் கீழ் என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

இரண்டாம் படி: லொக்புக்கைப் பத்தி பத்தியாகப் பிரியுங்கள்

மொத்த மணித்தியாலம் என்ற ஒற்றை எண்ணை வைத்து முடிவெடுப்பவர்கள்தான் அதிகம் அடிபடுகிறார்கள். ஒரு தாளில் இந்தப் பத்திகளைப் போடுங்கள்: கப்டனாக, கண்காணிப்பின் கீழ் கப்டனாக (கப்டன் பக்கத்திலிருந்து பார்க்க, அவருடைய பணியை நீங்கள் செய்வது), துணை விமானியாக, பல இயந்திர விமானத்தில், இரண்டு விமானிகள் கட்டாயமான விமானத்தில், டர்பைனில், ஜெட்டில், கருவிப் பறப்பில் (வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டும் வைத்து ஓட்டுவது), இரவில், வெளியூர்ப் பறப்பில். இப்போதுள்ள எண்ணை ஒவ்வொன்றிலும் நிரப்புங்கள். பிறகு புதிய வேலையில் ஓராண்டு இருந்தால் எந்தப் பத்தியில் எவ்வளவு கூடும் என்று பக்கத்தில் எழுதுங்கள்.

இது ஏன் முக்கியம் என்பது, எயார்லைன் கப்டனாகத் தேவையான போக்குவரத்து விமானி அனுமதிப்பத்திரத்துக்கான நிபந்தனைகளைப் பார்த்தால் விளங்கும். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் முதலாம் இணைப்பு கேட்பது மொத்தம் 1,500 மணித்தியாலம். அதற்குள் கப்டனாக 250, அல்லது கண்காணிப்பின் கீழ் கப்டனாக 500 இருக்க வேண்டும். குறைந்தது 70 மணித்தியாலம் கப்டனாகப் பறந்து, 250இன் மிச்சத்தைக் கண்காணிப்பின் கீழ் நிரப்பவும் இடமுண்டு. வெளியூர்ப் பறப்பு 200 வேண்டும், அதில் 100 கப்டனாகவோ கண்காணிப்பின் கீழ் கப்டனாகவோ இருக்க வேண்டும். கருவிப் பறப்பு 75 வேண்டும், அதில் 30க்கு மேல் சிமியூலேட்டர் போன்ற தரைப் பயிற்சியாக இருக்கக் கூடாது. இரவுப் பறப்பு 100 வேண்டும். இலங்கை சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையின் நடப்பு விதித் தாளை எடுத்து, இந்த எண்களோடு வரிக்கு வரி ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது மாலைதீவுக் கடல் விமானத்தை எடுங்கள். அது பகல் வெளிச்சத்தில், கண்ணால் பார்த்து ஓட்டும் வேலை. ஒரு நாளில் பல தடவை நீரில் இறங்கி ஏறுவீர்கள், கையால் ஓட்டும் திறமை கூர்மையாகும், மணித்தியாலமும் வேகமாகச் சேரும். ஆனால் இரவுப் பத்தி அசையாது, கருவிப் பத்தியும் பெரிதாக அசையாது. மூவாயிரம் மணித்தியாலம் பறந்த ஒருவர் நூறு இரவு மணித்தியாலம் இல்லாமல் நிற்பது இந்தத் தொழிலில் நடக்கக்கூடியதுதான். இரத்மலானையிலிருந்து பகலில் மட்டும் நடக்கும் கரவான் சார்ட்டருக்கும் இதே குறை உண்டு. அங்கே போக நினைப்பவர் முன்னதாகவே இரவு மணித்தியாலத்தை நிரப்பிக்கொண்டு போவது புத்திசாலித்தனம். பிறகு அதற்கென்று தனியாகக் காசு கொடுத்துப் பறப்பது மிகவும் செலவான காரியம்.

வலது ஆசனத்தில், அதாவது துணை விமானியின் இடத்தில், உட்காருபவருக்கு இன்னொரு பொறி இருக்கிறது. செஸ்னா 208 கரவான் ஒரே விமானியோடு பறக்கச் சான்று பெற்றது. நிறுவனம் தன் விருப்பத்தில் இரண்டாவது ஆளை உட்கார வைத்தால், அவருடைய நேரம் கணக்கில் ஏறுமா என்பதே கேள்விக்குறி. துணை விமானி வேண்டும் என்று அரசின் விதியே சொல்லும் ஓட்டமாக இருந்தாலும், முதலாம் இணைப்பின்படி உயர்ந்த அனுமதிப்பத்திரத்துக்கான மொத்தத்தில் அந்த நேரத்தில் பாதிக்கு மேல் சேராது. விமானம் துணை விமானி ஓட்டுவதற்கு ஏற்றபடி அமைந்து, இரு விமானி முறையில் இயங்கினால் மாத்திரம் முழு நேரத்தையும் ஏற்க அரசு அனுமதிக்கலாம். ஆகவே கையெழுத்திடும் முன், இரண்டு விமானிகள் கட்டாயம் என்று நிறுவனத்தின் இயக்கக் கையேட்டில் அச்சில் இருக்கிறதா, அதை அதிகார சபை ஏற்றிருக்கிறதா என்று பாருங்கள். தலைமை விமானியின் வாய்மொழி உறுதியை எந்த அதிகார சபையும் கணக்கில் எடுக்காது.

எயார்லைனில் மறுபக்கக் குறை உண்டு. ஏடிஆரிலும் ஏ320இலும் துணை விமானிப் பத்தி நிரம்பி வழியும், ஆனால் கப்டன் பத்தி பல ஆண்டுகள் அப்படியே கிடக்கும். கண்காணிப்பின் கீழ் கப்டனாகப் பதியும் நடைமுறை அந்த நிறுவனத்தில் இருக்கிறதா, எந்தச் செக்டருக்கு (ஒரு புறப்பாடும் ஓர் இறக்கமும் கொண்ட ஓட்டத்துக்கு) யார் கையெழுத்து வைப்பார்கள் என்று கேட்டால், உங்கள் அனுமதிப்பத்திரத்துக்கு இன்னும் எத்தனை ஆண்டுகள் என்பது ஓரளவு தெரிந்துவிடும்.

வேகத்தையும் கணக்கிடுங்கள். உங்களிடம் 700 இருக்கிறது, இன்னும் 800 வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 75 பறக்கும் எயார்லைனில் அது பதினொரு மாதம். மாதம் 25 மட்டும் பறக்கும் சார்ட்டரில் 32 மாதம், கிட்டத்தட்ட மூன்று ஆண்டுகள். முன்பே 1,500ஐத் தாண்டியவருக்கு இந்த வித்தியாசம் சிறிது. தாண்டாதவர் இதற்கு எவ்வளவு சம்பளம் ஈடாகும் என்று தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும். 1,500க்குக் கீழே இருப்பவர், மணித்தியாலம் குறைந்த ஜெட் வேலையை அதன் பளபளப்புக்காக எடுக்க வேண்டாம் என்பதே எங்கள் உறுதியான அபிப்பிராயம்.

மூன்றாம் படி: பன்னிரண்டு மாத ரோஸ்டரைத் தாளில் ஓட்டிப் பாருங்கள்

கடந்த ஓராண்டில் அந்த நிறுவனத்தின் உண்மையான ரோஸ்டர் எப்படி இருந்தது என்று அங்கே பறக்கும் ஒருவரிடம் கேளுங்கள். விலகிப் போன ஒருவரிடமும் கேளுங்கள். நேர்முகத்தில் காட்டும் மாதிரி ரோஸ்டர் பெரும்பாலும் நல்ல மாதம் ஒன்றினுடையதாக இருக்கும்.

எயார்லைனில் களைப்பு பறப்பிலிருந்தே வருகிறது. டர்போப்ரொப் விமானத்தில் ஒரே நாளில் நான்கைந்து செக்டர் ஓடுவது சாதாரணம். ஐரோப்பிய விதியில் உச்சவரம்பு 28 நாளில் 100 மணித்தியாலம், ஒரு நாட்காட்டி ஆண்டில் 900. அந்த உச்சவரம்பையே இலக்காக வைத்து ரோஸ்டர் போடும் நிறுவனங்களும் உண்டு. சார்ட்டரில் களைப்பு காத்திருப்பிலிருந்து வருகிறது. மூன்று மணித்தியாலம் பறந்து, பதின்மூன்று மணித்தியாலம் கடமையில் இருப்பீர்கள். பயணி கூட்டத்துக்குப் போய்விடுவார், எப்போது திரும்புவார் என்று யாருக்கும் தெரியாது. இடையில் உங்களுக்குப் படுக்கையோடு கூடிய அறை தருவார்களா, விமான நிலைய நாற்காலிதானா என்பது கையேட்டில் இருக்க வேண்டிய விஷயம். பைகளை ஏற்றுவது, உணவு வரவழைப்பது, எரிபொருள் கட்டணம், வான்பரப்பு அனுமதி, தரைச் சேவை ஏற்பாடு ஆகியவற்றில் பலவும் சிறிய நிறுவனங்களில் விமானியின் தலையில்தான் விழும். அந்த நேரமும் கடமை நேரமாகக் கணக்கில் வருகிறதா என்று பாருங்கள்.

விடுமுறை நாள் இரண்டு வகை. ஒன்று அழைத்தாலும் நீங்கள் வரத் தேவையில்லாத நாள். மற்றது அழைக்காவிட்டால் மட்டும் விடுமுறை. மாதத்துக்கு எட்டு நாள் என்று ஒப்பந்தத்தில் இருந்தால், அது எந்த வகை என்று அதே வரியில் எழுத வையுங்கள். இலங்கையில் உல்லாசப் பயணிகளின் உச்சகாலம் டிசெம்பர் முதல் ஏப்ரல் வரை. தைப்பொங்கலும் சித்திரைப் புத்தாண்டும் அதற்குள்தான் வருகின்றன. சார்ட்டர் விமானியின் வீட்டார் இதை முன்கூட்டியே தெரிந்து வைத்திருப்பது நல்லது.

ஸ்டாண்ட்பை (அழைத்தால் உடனே வரத் தயாராக இருக்கும்) நேரத்தையும் வீட்டு முகவரியோடு சேர்த்துப் பாருங்கள். வெள்ளவத்தையிலிருந்து இரத்மலானைக்குக் காலி வீதியில் சில கிலோமீட்டர்தான். கட்டுநாயக்கவுக்கு நகரைக் குறுக்கே கடந்து அதிவேக வீதியைப் பிடிக்க வேண்டும். அறுபது நிமிடத்தில் வரவேண்டும் என்ற நிபந்தனையை மாலை நெரிசலில் அங்கிருந்து நிறைவேற்றுவது கடினம். வீடு மாற வேண்டி வந்தால் அந்த வாடகையும் சம்பளக் கணக்கில் சேரும். தூரத்திலிருந்து வந்து பறப்பதைச் சாதாரணமாக எடுக்க வேண்டாம். 2009 பெப்ரவரி 12இல் அமெரிக்காவின் பஃபலோ நகருக்கு அருகே கோல்கன் எயாரின் டாஷ் 8 விழுந்து 50 பேர் இறந்தார்கள். விசாரணையில், துணை விமானி இரவு முழுக்கப் பயணம் செய்து வேலைக்கு வந்ததும் கப்டன் ஊழியர் அறையில் இரவைக் கழித்ததும் வெளிவந்தன.

நான்காம் படி: "முடியாது" என்று சொல்லும் நாளைச் சோதியுங்கள்

பெரிய எயார்லைனில் காலநிலை மோசமென்று விமானத்தைத் திருப்பினால், பயணிகளுக்கு உங்கள் முகமே தெரியாது. இயக்கக் கட்டுப்பாட்டு அறை, தலைமை விமானி, தொழிற்சங்கம் எல்லாம் உங்களுக்கும் வியாபாரத்துக்கும் நடுவில் நிற்கும். சார்ட்டரில் காசு கொடுத்தவர் உங்களுக்கு இரண்டு மீற்றர் பின்னால் உட்கார்ந்திருக்கிறார். 2001 மார்ச் 29இல் அமெரிக்காவின் ஆஸ்பென் விமான நிலையத்தில் இறங்க முயன்ற கல்ஃப்ஸ்ட்ரீம் 3 சார்ட்டர் ஜெட் மலைச்சரிவில் மோதி, அதிலிருந்த 18 பேரும் இறந்தார்கள். இரவில் இறங்கத் தடையுள்ள நிலையம் அது. புறப்பாடும் தாமதமாகியிருந்தது. எப்படியும் இறங்க வேண்டும் என்று வாடிக்கையாளரிடமிருந்து கப்டனுக்கு வந்த அழுத்தத்தையும் விசாரணையாளர்கள் துணைக் காரணங்களில் சேர்த்தார்கள்.

இன்னொரு ஆபத்து அமைதியானது. எப்போதும் ஒரே இரண்டு பேர் சேர்ந்தே பறந்தால், ஒருவர் விடுவதை மற்றவர் திருத்துவது மெல்ல நின்றுவிடும். 2014 மே 31இல் அமெரிக்காவின் பெட்ஃபோர்டில் கல்ஃப்ஸ்ட்ரீம் 4 ஒன்று, சுக்கான்களைப் பூட்டும் பூட்டு எடுக்கப்படாமலே ஓடி, ஓடுபாதையைத் தாண்டி எரிந்தது. ஏழு பேர் இறந்தார்கள். பதிவுக் கருவியை ஆராய்ந்தபோது, அதற்கு முந்தைய 175 புறப்பாடுகளில் இரண்டில் மட்டுமே சுக்கான் சோதனை முழுமையாகச் செய்யப்பட்டிருந்தது தெரியவந்தது. இருவரும் அனுபவசாலிகள். அவர்களை வெளியிலிருந்து பார்க்க மூன்றாவது கண் ஒன்று இல்லாததே குறை. எயார்லைனில் அந்தக் கண் பறப்புத் தரவுக் கண்காணிப்பு, அதாவது பறப்புகளின் பதிவுகளை நிறுவனம் தொடர்ந்து ஆராய்வது. சர்வதேச அமைப்பின் ஆறாம் இணைப்பு அதை 27,000 கிலோவுக்கு மேற்பட்ட விமானங்களுக்குத்தான் கட்டாயமாக்குகிறது. ஏடிஆர் 72இன் உச்ச எடை ஏறத்தாழ 23,000 கிலோ என்பதால் அதுவே அந்தக் கோட்டுக்குக் கீழேதான் வரும். எனவே விதி கட்டாயப்படுத்தாதபோதும் அதைச் செய்யும் நிறுவனம் மதிப்புக்குரியது.

நேர்முகத்தில் அவர்கள் கேள்வி கேட்டு முடித்ததும் நீங்கள் கேட்க வேண்டியவை: கடந்த ஆண்டு காலநிலைக்காக எத்தனை பறப்பு நிறுத்தப்பட்டது, நிறுத்திய விமானிக்கு என்ன நடந்தது? வாடிக்கையாளர் விமானியின் கைப்பேசிக்கு நேரே அழைப்பாரா, அலுவலகம் வழியாகத்தான் பேசுவாரா? தேர்ச்சிச் சோதனை சிமியூலேட்டரிலா, விமானத்திலேயா? இயந்திரத் தீயையும் புறப்பாட்டில் இயந்திரம் நிற்பதையும் உண்மை விமானத்தில் முழுமையாகப் பழக முடியாது என்பதால் கடைசிக் கேள்விக்குக் கனம் அதிகம். முதல் கேள்விக்கு "எங்களிடம் அப்படி நடப்பதில்லை" என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடலாம். மழைக்காலம் உள்ள நாட்டில் ஒரு பறப்பைக்கூட நிறுத்தாத நிறுவனம் நல்ல நிறுவனமாக இருக்க முடியாது.

விமான இயக்குநர் சான்றிதழையும் நீங்களே பாருங்கள். நிறுவனத்தின் பெயர் இருந்தால் போதாது. நீங்கள் ஓட்டப்போகும் விமானத்தின் பதிவெழுத்துகள் அதனோடு வரும் இயக்க விவரத் தாளில் இருக்க வேண்டும். இல்லையென்றால், காசு வாங்கிப் பயணியை ஏற்றும் அந்தப் பறப்பு கள்ளச் சார்ட்டர். காப்புறுதியும் கைவிடும், அனுமதிப்பத்திரமும் போகும். கால்பந்து வீரர் எமிலியானோ சாலா 2019 ஜனவரி 21இல் இறந்த பறப்பு அந்த வகை. அதை ஓட்டியவரிடம் கட்டணப் பயணியை ஏற்றும் அனுமதி இருக்கவில்லை. ஏற்பாடு செய்தவருக்கு 2021இல் 18 மாதச் சிறை கிடைத்தது. வார இறுதியில் ஒரு "உதவிப் பறப்பு" என்று யாராவது கேட்டால் இதை நினைவில் வையுங்கள்.

ஐந்தாம் படி: காசு

மாதச் சம்பளத்தை ஒப்பிடுவதை விட, ஓராண்டில் கைக்கு வரும் மொத்தத்தைக் கடமை நாட்களால் வகுத்துப் பாருங்கள். பறந்த மணித்தியாலத்துக்குத் தரும் கொடுப்பனவு பெரிதாக இருக்கும் இடத்தில், பறப்பில்லாத மாதத்துக்கு உத்தரவாதமான குறைந்தபட்ச மணித்தியாலம் எவ்வளவு என்பதே உண்மைச் சம்பளம்.

இலங்கையில் நிரந்தர ஊழியர் என்றால், ஊழியர் சேமலாப நிதிக்கு நிறுவனம் 12 வீதமும் நீங்கள் 8 வீதமும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு நிறுவனம் 3 வீதமும் செலுத்த வேண்டும். சுயாதீன ஒப்பந்தக்காரர் என்று எழுதிவிட்டால் நிறுவனத்தின் அந்த 15 வீதம் உங்களுக்கு இல்லை. கணக்குக்காக மாதம் ஐந்து இலட்சம் ரூபாய் என்று வைத்தால், ஆண்டுக்கு ஒன்பது இலட்சம். பணிக்கொடைச் சட்டம் 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கம். பதினைந்து பேருக்குக் குறையாத நிறுவனத்தில் ஐந்து ஆண்டுகள் முடித்தவருக்கு, ஆண்டொன்றுக்கு அரை மாதச் சம்பளம் உரியது. நான்கு ஆண்டு பத்து மாதத்தில் விலகினால் அது முழுவதும் போகும். இரண்டு மாதம் பொறுக்க முடியுமா என்று புதிய இடத்தில் கேட்பதில் வெட்கமில்லை.

டொலர் சம்பளத்தின் கவர்ச்சி 2022க்குப் பிறகு யாருக்கும் விளக்கத் தேவையில்லாதது. டொலரில் வாங்குவதற்கும், ரூபாயில் வாங்கி டொலருக்கு இணையாக்கித் தருவதற்கும் வித்தியாசம் உண்டு. எந்த நாளின் மாற்று விகிதம், எந்த வங்கியின் விகிதம் என்று ஒப்பந்தத்தில் இருக்கட்டும்.

பிணைமுறியில் (குறித்த காலத்துக்கு முன் விலகினால் பயிற்சிச் செலவைத் திருப்பிக் கட்டும் ஒப்பந்தத்தில்) மூன்று வரிகள் போதும், ஆனால் மூன்றும் வேண்டும். கட்ட வேண்டிய தொகை மாதந்தோறும் சம அளவில் குறைய வேண்டும். டைப் ரேட்டிங்கிற்கு (குறித்த வகை விமானத்தை ஓட்டும் தகுதிக்கு) உண்மையில் செலவான தொகையைத் தாண்டக் கூடாது. நிறுவனம் ஆட்குறைப்புச் செய்தாலோ, மருத்துவத் தகுதியை நீங்கள் இழந்தாலோ கட்டத் தேவையில்லை என்று இருக்க வேண்டும். மூன்றாவது வரி விடுபட்ட பிணைமுறி, நோயாளியிடம் கடன் வசூலிக்கும் தாளாகிவிடும். அனுமதிப்பத்திர இழப்புக் காப்புறுதியை நிறுவனம் எடுக்கிறதா என்றும் அப்போதே கேளுங்கள். சிறிய சார்ட்டர் நிறுவனங்களில் பெரும்பாலும் நீங்களே எடுக்க வேண்டியிருக்கும்.

வயதும் மருத்துவமும்

நாற்பதைத் தாண்டியவர் தனியொருவராகப் பயணிகளை ஏற்றிக் கட்டணப் பறப்பு செய்தால் முதலாம் வகை மருத்துவச் சோதனை ஆண்டுக்கு ஒருமுறைக்குப் பதிலாக ஆறு மாதத்துக்கு ஒருமுறை. சர்வதேசக் கட்டணப் பறப்பில் தனி விமானிக்கு எல்லை 60 வயது, இருவர் ஓட்டும் விமானத்தில் 65. ஐம்பது வயதில் கரவானுக்கு மாறுபவர் இந்த ஐந்து ஆண்டு வித்தியாசத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

ஆறாம் படி: விலகும் ஒழுங்கு

வாய்மொழி அழைப்பை நம்பி விலகல் கடிதம் கொடுப்பதே அதிகம் நடக்கும் பிழை. முதலில் நிபந்தனையில்லாத நியமனக் கடிதம் கையில் இருக்க வேண்டும். சிமியூலேட்டர் தேர்வுக்கும் மருத்துவத்துக்கும் உட்பட்டது என்று அதில் இருந்தால், அந்த இரண்டும் முடியும் வரை பொறுங்கள். அதற்கிடையில் மருத்துவச் சான்றையும் ஆங்கிலத் தேர்ச்சிப் பதிவையும் புதுப்பியுங்கள். ஆங்கிலத்தில் நான்காம் நிலை மூன்று ஆண்டுகளுக்கும் ஐந்தாம் நிலை ஆறு ஆண்டுகளுக்கும் மட்டுமே செல்லும்.

வெளிநாட்டு வேலையென்றால், அந்நாட்டு அதிகாரி உங்கள் அனுமதிப்பத்திரம் உண்மையானதா என்று கொழும்பிலுள்ள அதிகார சபையிடம் எழுதிக் கேட்பார். அந்தக் கடிதப் போக்குவரத்துக்கு வாரங்கள் போகலாம், ஆகவே விண்ணப்பத்தைத் தாமதிக்க வேண்டாம். விபத்து, சம்பவம் எதுவுமில்லை என்ற கடிதத்தையும், லொக்புக்கின் ஒவ்வொரு பக்கத்திலும் தலைமை விமானியின் கையெழுத்தையும் உறவு நன்றாக இருக்கும்போதே வாங்கிவிடுங்கள். விலகல் கடிதம் போன பிறகு அதே கையெழுத்துக்கு நீண்ட நாள் காத்திருக்க நேரலாம்.

ஏழாம் படி: திரும்பும் வழியைத் திறந்து வையுங்கள்

மூன்று மாதத்தில் மூன்று புறப்பாடும் மூன்று இறக்கமும் இல்லாவிட்டால் பயணிகளோடு பறக்க முடியாது. மணித்தியாலம் குறைந்த ஜெட் வேலையில் இதை நிரப்பவே சிமியூலேட்டருக்குப் போக நேரும். அதற்கான செலவு யாருடையது என்பதும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். எயார்லைனை விட்டுச் சார்ட்டருக்குப் போகிறவரின் ஏ320 டைப் ரேட்டிங் காலாவதியானால், திரும்பும்போது தேர்ச்சிச் சோதனை மட்டும் போதுமா, புத்தாக்கப் பயிற்சியும் வேண்டுமா என்பது இடைவெளியின் நீளத்தைப் பொறுத்தது. ஓராண்டுக்குள் புதிய வேலை பிடிக்காது போகலாம் என்ற சந்தேகம் கொஞ்சமாவது இருந்தால், பழைய ரேட்டிங்கைச் சொந்தச் செலவில் ஒருமுறை புதுப்பித்து விடுங்கள். எயார்லைன்கள் விளம்பரத்தில் கடந்த ஆறு அல்லது பன்னிரண்டு மாதத்துக்குள் அந்த வகை விமானத்தில் பறந்திருக்க வேண்டும் என்று கேட்பது வழக்கம். அந்தக் கெடு முடியும் திகதியை இன்றே குறித்து, அதற்கு மூன்று மாதம் முன்பே இருப்பதா திரும்புவதா என்று தீர்மானியுங்கள்.